திறந்தே இருந்த லேப்டாப்

திம்மப்பன் இறந்த மூன்றாம் நாள் காலையில் அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து அனிட்டாவின் மேசைமேல் வைத்தார் பூபதி.

"பதிவு பூராவும் எடுத்துக் குடும்மா. தொழிற்சாலை ஆய்வாளர் வர்றதுக்குள்ள நமக்குத் தெரியணும், அன்னிக்கு சைரன் ஏன் அடிக்கலேன்னு."

பூபதி அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு மேலாளர். குரலை உயர்த்தவே மாட்டார். அனிட்டா பராமரிப்புப் பிரிவில் இன்ஜினியர். மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் விடியற்காலை கம்பெனி பஸ் பிடித்துப் போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைக்கு வந்து போகிறவள். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் முடிந்திருந்தது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் கம்பெனி அது. இரும்பு உருளையில் காந்தத் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டுவார்கள். பிறகு ஒரு சின்ன அறைக்குள் இருக்கும் அடுப்பில் அடுக்கி, உள்ளே நைட்ரஜனை விட்டுப் பசையை இறுக வைப்பார்கள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சில் ஏறினால் இருமல்கூட வராது. அடுப்பிலிருந்து கசிந்து அறையை நிரப்பிவிட்டால், உள்ளே போகிறவன் இரண்டு மூச்சு இழுப்பான், நின்ற இடத்திலேயே சரிவான். அதற்காகத்தான் அறைச் சுவரில் ஆக்சிஜனை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அளவு குறைந்தால் கூரையில் சைரன் அலற வேண்டும். அலற வைக்கும் பெட்டி ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு இடிமழையில் கருகிப்போனது. புதுப் பெட்டி வரும்வரைக்கும் என்று சொல்லி, கருவியின் வயரை ஒரு லேப்டாப்பில் செருகி, லேப்டாப்பிலிருந்து சைரனுக்கு இணைப்புக் கொடுத்தது அனிட்டாதான். புதுப் பெட்டி வரவேயில்லை. அறை வாசலில் ஒரு இரும்பு ஸ்டாண்டின்மேல் அந்த லேப்டாப் நிலையாகக் குடியேறிவிட்டது.

திம்மப்பன் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. பாரூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்தாறு வயது. வீட்டில் தெலுங்கு, ஊரில் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம் என்று மூன்றையும் கலந்து பேசுவார். பேசுவதே குறைவு. அன்று மதியம் இரண்டேகாலுக்கு மேல் அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. சரக்கு ஏற்ற வந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் சுபாஷ்தான் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கத்தினான். கதவைத் திறந்து இழுத்துப் போட்டபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. உயிர் இல்லை.

அனிட்டா பதிவைத் திறந்தாள். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மதியம் 2.14-க்கு லேப்டாப் உறக்கத்துக்குப் போயிருந்தது. காரணம் என்ற இடத்தில், மூடி மூடப்பட்டது என்று இருந்தது. 2.51-க்கு மூடி திறக்கப்பட்டது. நடுவில் முப்பத்தேழு நிமிடம் அது எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. சுவரில் இருந்த கருவி ஆக்சிஜன் இறங்குவதை எண்ணி எண்ணி அனுப்பியிருக்கும். வாங்கத்தான் ஆள் இல்லை.

லேப்டாப் தானாகத் தூங்கிவிடக் கூடாதென்று பொருத்திய அன்றே அவள் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தாள். எத்தனை மணி நேரம் யாரும் தொடாமல் விட்டாலும் அணையாது. ஒன்றை மட்டும் அவள் தொடவில்லை: மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டம். திறந்தே வைத்திருக்கப்போகிற லேப்டாப்பை யார் மூடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

பூபதி அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து அந்த இரண்டு வரிகளையும் படித்தார். அவர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது அவளுக்குக் கேட்டது.

"அவனே மூடியிருக்கான்."

"எதுக்கு சார் மூடணும்?"

"சும்மா சும்மா பீப் அடிக்குதுன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டே இருந்தானுங்க இல்ல? தொல்லையா இருக்குன்னு மூடியிருப்பான். பாவம்தான். என்ன பண்றது."

அப்படி ஒரு புகார் இருந்தது உண்மைதான். அதனால் அந்தக் காரணம் பொருந்தி வந்தது. ஆனாலும் அவள் சுபாஷைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டாள்.

"மூடியிருக்கல மேடம்," என்றான் அவன். "தொறந்துதான் இருந்துச்சு. ஸ்க்ரீன் மட்டும் கருப்பா கெடந்துச்சு. அதும்மேல அந்த எழுதற அட்டை இருந்துச்சு. ஆம்புலன்ஸ் நம்பர் அட்டையிலதான ஒட்டியிருக்கு, அதனால நான் அட்டைய எடுத்தேன். எடுத்த ஒடனே ஸ்க்ரீன் வெளிச்சமாச்சு, சைரன் கத்த ஆரம்பிச்சிருச்சு. செத்ததுக்கப்புறம் கத்துது பாருங்கன்னு எனக்கு அழுகையா வந்துச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா? நீங்க தொறக்கலையா?"

"அந்த நேரத்துல எனக்கு என்ன ஞாபகம் இருக்கும் மேடம்? தொறந்துதான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

நினைக்கிறேன் என்ற அந்த ஒரு சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். பதட்டத்தில் இருந்தவன், எதையாவது மாற்றிச் சொல்வான். மெஷின் எதற்கு மாற்றிச் சொல்லப்போகிறது? 'ஆபரேட்டர் விதிமுறைக்கு மாறாக லேப்டாப்பை மூடியதால் எச்சரிக்கை ஒலிக்கவில்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஆய்வாளர் வந்தார், பதிவைப் பார்த்தார், அதையே தன் அறிக்கையிலும் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே அறைக்குப் புதுச் சைரன் பெட்டி வந்தது. ஒன்றரை வருடமாக வராத பெட்டி ஆறே நாளில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியது.

இரண்டு மாதம் கழித்துத் திம்மப்பனின் மகள் யுவஸ்ரீயை அதே கம்பெனியில் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பத்தொன்பது வயது. மனிதாபிமான அடிப்படையில் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். காந்தத் துண்டுகளை எண்ணித் தட்டில் அடுக்கும் வேலை. அனிட்டாவைக் கண்டால் "குட் மார்னிங் மேடம்" என்பாள், கண்ணைப் பார்க்க மாட்டாள். கேன்டீனில் யாரோ புதிதாய் வந்தவர்களுக்கு, "அதோ அந்தப் பொண்ணோட அப்பாதான், தூங்கறதுக்காக லேப்டாப்ப மூடிட்டுச் செத்தவரு" என்று காட்டிக் கொடுத்ததை அனிட்டா ஒரு நாள் காதால் கேட்டாள். தூங்குவதற்கு என்று அவள் எழுதவில்லை. ஆனால் எழுதியதிலிருந்து அங்கே போய்ச்சேர அதிக தூரம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். யுவஸ்ரீக்குக் கேட்டிருக்குமா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அதற்கு மேலும் ஐந்து மாதம் ஓடியது. ஒரு நாள் மாலை, கம்பெனி பஸ் காவேரிப்பட்டணத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அனிட்டா லேப்டாப்பை மடியில் விரித்து ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பேசிவிட்டு, கையில் இருந்த போனை அப்படியே விசைப்பலகையின் இடது ஓரத்தில் வைத்தாள். திரை கருத்துப்போனது. சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று போனை எடுத்தாள். திரை வந்துவிட்டது. மறுபடி வைத்தாள். போய்விட்டது. எடுத்தாள். வந்தது.

போன வாரம்தான் போனுக்குப் புது உறை வாங்கியிருந்தாள். புத்தகம் மாதிரி மூடிக்கொள்ளும் உறை. மூடியபடி நிற்பதற்காக ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம் தைத்திருந்தார்கள்.

அவளுக்கு விளங்குவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. படித்ததுதான். லேப்டாப்புக்குத் தன் மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கக் கண் கிடையாது. திரையின் ஓரத்தில் ஒரு காந்தம் இருக்கும், விசைப்பலகைக்கு அடியில் காந்தத்தை உணரும் ஒரு சில்லு இருக்கும். மூடும்போது அந்தக் காந்தம் இந்தச் சில்லுக்குக் கிட்டே வரும். உடனே, மூடிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டு அது தூங்கிப்போகும். கிட்டே வந்தது திரையின் காந்தமா, வேறு எதனுடைய காந்தமா என்று அதற்குத் தெரியாது. எது வந்தாலும் மூடி மூடப்பட்டது என்றுதான் எழுதி வைக்கும்.

அட்டை அதும்மேல இருந்துச்சு. அட்டையை எடுத்த ஒடனே ஸ்க்ரீன் வெளிச்சமாச்சு. சுபாஷ் அன்றைக்கே சொன்னான்.

பஸ் சுங்கச்சாவடியில் நின்றது, நகர்ந்தது. அந்த அட்டை அவளுக்குத் தெரியும். பரீட்சைக்குக் கொண்டுபோகிற சாதாரண அட்டைதான். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒழுங்கு முறை பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று, அது எங்கேயாவது கிடக்காமல் ஸ்டாண்டின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று, கழித்துப் போட்ட தட்டிலிருந்து இரண்டு காந்தத் துண்டுகளை எடுத்து, அட்டையின் பின்பக்கம் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தது அவள். மோட்டாருக்கான காந்தம். விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். திம்மப்பன் அதை ஸ்டாண்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர் மேடம், கீழயே உழாது" என்று சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அரை மணிக்கொரு தடவை அவர் ஆக்சிஜன் அளவை அந்த அட்டையில் இருந்த தாளில் எழுதுவார். கடைசியாக எழுதியது 2.10-க்கு, 20.8 என்று. அந்தத் தாள் அறிக்கையோடு இணைக்கப்பட்டிருந்தது. எண்கள் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதைப்போல நிமிர்ந்து நின்றன. எழுதி முடித்தவர், அடுப்பு மணியடித்திருக்கும், அட்டையை ஸ்டாண்டில் ஒட்டாமல் அப்படியே லேப்டாப்பின்மேல் வைத்துவிட்டுக் கையுறையை மாட்டியிருப்பார். அவ்வளவுதான் அவர் செய்தது.

மறுநாள் அனிட்டா ஸ்டோரில் இருந்த அதே லேப்டாப்பையும் அதே அட்டையையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒன்பது முறை வைத்தாள். ஒன்பது முறையும் அணைந்தது. பதிவில் ஒன்பது முறையும், மூடி மூடப்பட்டது. இரண்டையும் தூக்கிக்கொண்டு பூபதியின் அறைக்குப் போனாள்.

அவர் அட்டையைத் தாமே ஒரு முறை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்துத் தன் மேசை டிராயருக்குள் போட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். அறிக்கைய மாத்தணும். அவர் மேல தப்பே இல்ல."

"அப்ப யார் மேல?"

அவள் பார்வை அந்த டிராயர்மேல் போய் நின்றது.

"உக்காரும்மா. அறிக்கை முடிஞ்சு போச்சு. வாடிக்கையாளர் ஏத்துக்கிட்டாங்க, அரசாங்கம் ஏத்துக்கிச்சு. இப்ப நீ போய்த் தொறந்தா முதல் கேள்வி, அட்டையில காந்தம் ஒட்டுனது யாருன்னு வரும். ரெண்டாவது கேள்வி, லேப்டாப்ப செட் பண்ணுனது யாரு. மூணாவது, மூடிட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு. மூணுக்கும் ஒரே பேருதான். நான் உனக்காகத்தான் சொல்றேன்."

"புதுப் பெட்டி வாங்காம விட்டது யாருன்னும் கேப்பாங்க சார்."

பூபதி டிராயரைத் தள்ளிச் சாத்தினார். "கேட்கட்டும்," என்றார். "எனக்குப் பேச வக்கீல் இருக்கார். உனக்கு?"

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவள், தன் முறை வருமுன் நழுவி வெளியே வந்துவிட்டாள். சாமியாரிடம் சொல்லித் தீரக்கூடிய காரியம் இல்லை இது என்று பட்டது. பன்னிரண்டாவது நாள் லீவு போட்டுவிட்டு, போச்சம்பள்ளியில் இறங்கி டவுன் பஸ் மாறிப் பாரூர் போனாள்.

ஏரிக்கால்வாய்க் கரையை ஒட்டி நாலைந்து வீடுகள். கரும்பு லோடு போன தடத்தில் தோகை இறைந்து கிடந்தது. திம்மப்பனின் மனைவி முனிலட்சுமி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். யுவஸ்ரீ ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் முனிலட்சுமி பதறி எழுந்தாள்.

"பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?"

"இல்லம்மா. அவ நல்லா இருக்கா. நான் அவங்கப்பாவைப் பத்திப் பேச வந்தேன்."

முனிலட்சுமி மறுபடி உட்கார்ந்தாள். அவரைக்காயை எடுத்தாள், உரிக்கவில்லை.

"அவுரப் பத்தி இன்னும் இன்னா இருக்குது, கண்ணு? அதான் எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்களே. தூக்கத்துல மூடிட்டாரு, செத்துட்டாரு." கையிலிருந்த அவரைக்காயை முறத்தில் போட்டாள். "தூக்கம் வராம இன்னா பண்ணும்? மொத நாளு ராத்திரி எங்க வயலுக்குத் தண்ணி மொற. எனக்குக் காச்சலு. நாந்தான் அவுரப் போவச் சொன்னேன். ஒடம்பு அலுப்பா கீது, ஆள் உடலாம்னாரு. எதுக்கு ஆளு, நீயே போய்ட்டு வான்னு சண்ட புடிச்சேன். விடிய விடிய மடையில நின்னுட்டு, வந்து குளிச்சிட்டு, அப்பிடியே ஷிப்ட்டுக்குப் போனாரு. நாந்தான் அனுப்பிச்சேன். எங்க கொழுந்தனாரும் அதத்தான் சொல்றாரு. காரியத்தன்னிக்கு எல்லாரும் இருக்கச்சொல்லவே சொன்னாரு, எங்கண்ணன நீதாண்டி கொன்னன்னு."

அனிட்டா ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சில் இது இல்லை. ஏழு மாதமாக இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். சுமக்கக் கொடுத்தது தன் கையெழுத்து.

"அவர் தூங்கலம்மா," என்றாள். "அவர் மூடவே இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தன் போனையும் லேப்டாப்பையும் எடுத்துக் காட்டிக் காட்டிச் சொன்னாள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் விழித்திருந்து அளவு எழுதியிருக்கிறார் என்றாள். முனிலட்சுமியின் முகத்தில் எதுவும் இளகவில்லை. எல்லாம் கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அட்டையில அந்தக் காந்தத்த ஒட்டுனது யாரு?"

"நான்தான்."

"மூடிட்டாருன்னு எழுதுனது?"

"அதுவும் நான்தான்மா."

முனிலட்சுமி முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. உள்ளே அழுகைச் சத்தமும் இல்லை, நடமாட்டமும் இல்லை. அனிட்டா போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் வாசலிலேயே நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி குடத்தோடு போகும்போது யாரு என்று கேட்டாள். கம்பெனியிலிருந்து என்றாள் அனிட்டா.

முனிலட்சுமி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"இன்னிக்குப் போ," என்றாள். "ஞாயித்துக்கெழம வா. எங்க கொழுந்தனாரு ஊட்ல இருப்பாரு. எனக்குச் சொன்னத அவுரு மொகத்துக்கு நேரா சொல்லு. அப்பறம் எங்க சொல்லணுமோ அங்கியும் போய்ச் சொல்லு. நான் கூட வரேன். நீ சொல்லாம உட்டுடுவன்னு இல்ல. நீ சொல்றத நான் காதால கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். கொழுந்தனாரும் இன்னும் மூன்று ஆண்களும் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டே சொன்னாள். அவர்கள் அவளைத் திட்டினார்கள். ஒருவன் அடிக்கவே எழுந்தான், மற்றவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். கொழுந்தனார் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அண்ணியின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

செவ்வாய்க்கிழமை இருவரும் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். அனிட்டா எழுதிக் கொண்டுவந்திருந்ததை ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். நம்பாத முகத்தோடு, "இந்த மாதிரியும் ஆகுமா?" என்றார்.

"உங்க லேப்டாப்பையே குடுங்க சார்."

தன் மேசையில் திறந்திருந்த லேப்டாப்பை அவர் திருப்பி வைத்தார். அட்டை பூபதியிடமே இருந்ததால் அனிட்டா போன் உறையைக் கழற்றி, விசைப்பலகையின் இடது ஓரத்தில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சில்லை ஒவ்வொரு இடத்தில் வைப்பான். கீழே நகர்த்தினாள், வலது பக்கம் கொண்டுபோனாள். வலது மூலையில் உறை பட்டதும் திரை செத்தது. எடுத்ததும் பிழைத்தது. ஆய்வாளர் பதிவைத் திறந்து படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

முனிலட்சுமி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். "இன்னொரு தபா வெய்யி, கண்ணு."

அனிட்டா வைத்தாள். திரை இருண்டது. முனிலட்சுமி அந்தக் கருப்பையே பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. "பாஞ்சு வருசம் அந்தக் கம்பெனி இந்தக் கம்பெனின்னு ஓடுனாரு. நெருப்பு மேல நின்னாரு, கரண்டு கிட்ட நின்னாரு. இவ்ளோதானா?"

அந்த வாரமே அனிட்டாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பெனிப் பொருளை அனுமதி இல்லாமல் மாற்றியமைத்தது, ரகசியத்தை வெளியே சொன்னது என்று இரண்டு காரணம். அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அடுத்த திங்கட்கிழமை யுவஸ்ரீயின் அடையாள அட்டையைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்தே அவள் அனிட்டாவுக்குப் போன் செய்தாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"எங்கப்பா மேல தப்பில்லைன்னு சொல்லிட்டீங்க மேடம். எங்கம்மா ஏழு மாசத்துக்கப்புறம் ராத்திரி தூங்குது. எனக்கு வேலை போச்சு. எதை வெச்சு உங்களத் திட்டறதுன்னே எனக்குத் தெரியல."

"திட்டு யுவஸ்ரீ."

"வேணாம் மேடம்," என்று அவள் வைத்துவிட்டாள்.

திருத்திய அறிக்கை வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அனிட்டா ஓசூரில் ஒரு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்திருந்தாள். எந்தக் கம்பெனியிலும் அவளை இரண்டாம் முறை பேச அழைக்கவில்லை. யுவஸ்ரீ ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விரலெல்லாம் முள் கீறல். பூபதி இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். கம்பெனி மேல் வழக்குத் தொடரலாம் என்று அறிக்கை சொன்னது. வழக்கில் கம்பெனி முதல் எதிரி, அனிட்டா இரண்டாவது. பூபதியின் பெயர் எங்கும் இல்லை.

அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு அவளே பாரூருக்குப் போனாள். முனிலட்சுமிக்குப் படிக்கத் தெரியாது. யுவஸ்ரீ வாசல் படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். கொழுந்தனாரையும் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். தொழிலாளி திம்மப்பனின் தரப்பில் எந்தத் தவறும் இல்லை, அவர் லேப்டாப்பை மூடவில்லை, கடைசிவரை தம் பணியை முறையாகச் செய்துள்ளார் என்ற இடம் வந்தபோது, கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"செரி, நடந்தது நடந்துபோச்சு. இனி அதப் பேசி இன்னா ஆவப்போவுது. உடுங்க." சொல்லிவிட்டுக் கால்வாய்க் கரையோடு நடந்து போய்விட்டார்.

முனிலட்சுமி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக ஊர் நடுவில் அவளைக் கொலைகாரி என்று சொன்ன வாய். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு மகளிடம் திரும்பினாள்.

"அவுரு பேரு வர்ற எடத்த இன்னொரு தபா படி."

யுவஸ்ரீ படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். அதற்கு அடுத்த வரியில் அனிட்டாவின் பெயர் இருந்தது. காந்தம் பொருத்திய அட்டையைக் கொடுத்தது, உரிய சோதனை இல்லாமல் தவறான அறிக்கை அளித்தது என்று. யுவஸ்ரீ அந்த இடம் வந்ததும் நிறுத்தித் தாளைத் திருப்பப்போனாள்.

"திருப்பாத," என்றாள் அனிட்டா. "அதையும் படி."

யுவஸ்ரீ தன் அம்மாவைப் பார்த்தாள். முனிலட்சுமி படி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யுவஸ்ரீ அதையும் படித்தாள்.